அவர் சொல்லாத ஒரு வாக்கியம்

2007 பொங்கலுக்குக் கச்சிராயபாளையத்தில் மின்னொளி கபடி. எனக்கு 11 வயது. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. கல்வராயன் மலைக்காரர்களான எங்களுக்கு ராத்திரி ஆட்டம் பார்த்தால் விடிந்துதான் பஸ். பெரியப்பா மகன் எங்கள் ஊர் அணியின் ரைடர். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அரசுத் துறை அணியிடம் தோற்ற கோபத்தில், யாரோடும் பேசாமல் ஒரு திண்ணையில் துண்டைப் போர்த்திப் படுத்துவிட்டான்.

அன்றைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் அப்படிப்பட்ட அணியில் இருப்பவர்தான். ரயில்வே, போலீஸ், வங்கி என்று எங்காவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, மாதச் சம்பளம். ஏலம், டிவி எல்லாம் பின்னால் வந்தவை. ஆனாலும் அந்த அணியின் ஐந்தாம் நம்பர்காரர் பாடி வரும்போது மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது. எங்களுக்கு அவர் சினிமாக்காரர் மாதிரி.

விடியற்காலை டீக்கடை பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். பேசவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்தான் கேட்டார்: “தம்பி, பக்கத்துல மெடிக்கல் எதுனா தெறந்திருக்குமா?” பேண்ட்டைச் சுருட்டி விட்டிருந்தார். முட்டி பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. “தெரியலண்ணா” என்றேன். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு.

பஸ்ஸில் அதை எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிய ஆளைப் பார்த்துவிட்டு மெடிக்கல் கதையையா சொல்வது? அண்ணன் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. கரியாலூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். “அஞ்சாம் நம்பர் ஒன்னப் பத்திக் கேட்டாருண்ணா. இவன் இங்க இருக்க வேண்டிய ஆளில்ல, மெட்ராஸ் வரச்சொல்லுன்னாரு.”

அந்த வருஷமே அண்ணன் பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனான். மூன்று வருஷம் ஏதேதோ மைதானங்கள், ஏதேதோ செலக்‌ஷன்கள். கடைசியில் இடது முட்டி போய்த் திரும்பி வந்தான். இப்போது மரவள்ளிக் கிழங்கு லோடு அடிக்கும் வண்டி ஓட்டுகிறான். கிளட்ச் மிதிக்கிற கால் அதுதான்.

பொய் பற்றி வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு விஷயம் சொல்கிறார். குற்றமில்லாத நன்மை விளையுமென்றால் பொய்யும் வாய்மையோடு சேர்த்தி என்பது ஒன்று. தன் மனசுக்குத் தெரிந்தே பொய் சொன்னால் அந்த மனசே சுடும் என்பது அடுத்தது. முதல் குறளைப் பிடித்துக்கொண்டுதான் ரொம்ப நாள் தப்பித்தேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? ஆனால் நன்மை விளைந்ததா என்பது சொல்லும்போது தெரியாதே. அண்ணன் மட்டும் ஏதாவது ஒரு அணியில் சேர்ந்திருந்தால் இதையே ஒரு வேடிக்கைக் கதையாக எழுதியிருப்பேன். அதே பொய், அதே பையன். கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரை, கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்கிற பிடிவாதத்துக்குப் பேர்போனது. எனக்கு அதில் உறைத்தது வேறு: பொய் சொன்னவன், தான் எதிர்பார்க்காத விளைவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறார். 11 வயசுப் பையனுமா என்று அவரிடம் கேட்கத் தோன்றும். சரி, 11 வயதை விடுங்கள். 20 வயதில் ஏன் சொல்லவில்லை?

ஏனென்றால் அந்த வாக்கியம் அதற்குள் அண்ணனுடையதாகிவிட்டது. 2014இல் புரோ கபடி வந்தது. 2016இல் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன், 41 வயதில், பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கினார். அன்றைக்கு அண்ணன் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “அவரு சொன்னது சரிதான்டா. நாந்தான் கொஞ்சம் முன்னாடி பொறந்துட்டேன்.” இதைப் பிடுங்கிக்கொண்டு அவன் கையில் எதைக் கொடுப்பேன்? உண்மையைச் சொன்னால் லேசாகப்போவது என் மனசு மட்டும்தான். அப்படி நினைத்துச் சும்மா இருந்தேன். அதுவும் எனக்குச் சௌகரியமான நினைப்பு என்பது தெரியாமல் இல்லை.

யோசிக்க யோசிக்க, சொன்ன பொய்யைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அறுக்கிறது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரை ஒரு நிமிஷம் பக்கத்தில் பார்த்தேன். அவர் எனக்குக் காட்டியது அந்த முட்டியை. சம்பளத்துக்கு ஆடுகிற உடம்பு விடியற்காலையில் எப்படி இருக்கும் என்பது எங்கள் மலையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சேதி அது. அதை அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை எழுதினேன்.

போன பொங்கலுக்கு ஊரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பையனுக்கு இப்போது 12 வயது, நன்றாகப் பாடுகிறான். அண்ணன் வழக்கம்போல ஐந்தாம் நம்பர் கதையை ஆரம்பித்தான். பையன் என் பக்கம் திரும்பி, “சித்தப்பா, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க, அவரு வேற என்ன சொன்னாரு?” என்றான்.

“மெடிக்கல் எங்க இருக்குன்னு கேட்டாரு. முட்டி பயங்கரமா வீங்கியிருந்துச்சி.”

அண்ணன் கையில் சுண்ணாம்புச் சட்டியோடு நிமிர்ந்தான். “எந்தக் காலு?”

“இடது.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். “இத்தன வருஷத்துல இத நீ சொன்னதே இல்லியேடா” என்றான். பிறகு பையனைக் கூப்பிட்டு, முட்டிக்குப் பட்டை கட்டியிருக்கிறானா என்று குனிந்து பார்த்தான்.