ஆசிரியரின் விரிந்த கையும் மூடிய கையும்



கற்பிப்போர் தாம் அறிந்த கல்வியை ஒளித்து வைத்தல் தகுமா என்னும் வினா மிகப் பழமையானது. கற்பிப்போர் தம் மாணாக்கரைப் பற்றி அறிந்ததை எல்லாம் ஊரறியச் சொல்லுதல் தகுமா என்னும் வினாவோ, கைப்பேசி பெருகியபின் நம் வீட்டு வாயிற்படியில் வந்து நிற்கின்றது. இவ்விரண்டும் ஒன்று போலத் தோன்றினும் ஒன்றல்ல. இவற்றின் வேற்றுமையை உணராமையால், நல்லெண்ணம் மிக்க ஆசிரியரும் இன்று பிழைபட நேரிடுகின்றது.

பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பயிலும் பள்ளியொன்றில் பணிபுரியும் ஆசிரியை ஒருவரை நான் அறிவேன். அவர் பெயரைச் சொல்லேன். இக்கட்டுரையின் பொருளே அதனைத் தடுக்கின்றது. ஆசிரியர்க்குரிய இடம் வகுப்பறை, கைப்பேசி பேசுவதற்கு மட்டுமே என்று இருந்தவர் அவர். 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. வேறு வழியின்றி வகுப்பிற்கென ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி; அதுவும் தந்தை வேலை முடிந்து திரும்பிய பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். ஆகவே பாடங்களைத் தம் குரலில் பதிந்து அனுப்பினார். இரவு ஒன்பது மணிக்கும் பிள்ளைகள் அவற்றைக் கேட்டுப் படித்தனர். சுவரில்லாத வகுப்பறை ஒன்று தமக்குக் கிட்டியது என்று அவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி நியாயமானதே.

பள்ளி மீண்டும் திறந்தது; குழுவோ கலையவில்லை. பாடம் சென்ற வழியே மதிப்பெண்ணும் சென்றது, வராதவர் பெயரும் சென்றது. வறிய வீட்டில் விளக்கருகே படிக்கும் மாணவியின் படத்தை முகநூலில் இட்டபோது, முகமறியாதார் பலர் ஆசிரியையைப் புகழ்ந்தனர். பின்பு ஒருநாள் ஒன்பதாம் வகுப்பிற்குரிய கல்வி உதவித்தொகைப் பட்டியல் வந்தது. பெற்றோர் விரைவில் அறியட்டும் என்று அதனை அப்படியே குழுவில் இட்டார். அதில் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண் ஆகிய யாவும் இருந்தன. மறுநாள் ஒரு சிறுமி அவர் மேசையருகே வந்து, “மிஸ், எனக்கு அந்தப் பணம் வேண்டாம்” என்றாள். காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆசிரியை பட்டியலை அழித்தார். ஆயினும் அதற்குள் அது பலர் கைப்பேசிகளில் சேமிக்கப்பட்டிருந்தது. மனம் நொந்து குழுவையும் முகநூல் கணக்கையும் ஒருங்கே மூடிவிட்டார். இதனால் இரவில் பாடம் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு அப்பாடமும் நின்றது. முதலில் எல்லாவற்றையும் திறந்தார். பின்னர் எல்லாவற்றையும் அடைத்தார். இருமுறையும் இழந்தவர் பிள்ளைகளே.

ஈண்டு சிலர் ஒரு தடை எழுப்புவர். “மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சாதியின் பெயரைக் கேட்டு நாணுவதே பழைய அடிமைத்தனத்தின் எச்சம் அன்றோ? நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நிற்கப் பழக வேண்டாவோ?” என்பர். இது தள்ளத்தக்க தடையன்று. நம்மிடையே வீரம் மிக்கோர் எழுப்புவது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். தானே எழுந்து நின்று ‘நான் இன்னான்’ என்று சொல்பவன் தலை நிமிர்கின்றான். பிறர் சுட்டிக்காட்ட நிற்பவன் தலை கவிழ்கின்றான். சொல் ஒன்றேதான், அதைச் சொல்லும் உரிமை எவரிடம் உளது என்பதிலேயே விடுதலைக்கும் இழிவுக்கும் உள்ள வேற்றுமை அடங்கியுள்ளது. அச்சிறுமி வளர்ந்து ஒருநாள் மேடையேறி அனைத்தையும் தானே சொல்லக் கூடும். அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுடையது; ஆசிரியையுடையதன்று.

நம்மவர்க்கு இது தனிக்கவனம் உடையது. 1990இல் சட்டம் திருத்தப்பட்டபின், பௌத்தம் தழுவியோரும் பட்டியல் சாதியினர்க்குரிய சலுகைகளைப் பெறலாயினர். ஆதலின் நாம் மனத்தால் துறந்த சாதியின் பெயர், நம் பிள்ளைகளின் சான்றிதழில் இன்றும் நிற்கின்றது. அச்சான்றிதழ் உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு உரியது; ஊரார்க்குக் காட்சிப் பொருளாவதற்கு உரியதன்று. அலுவலகத்தில் நீட்டவேண்டிய தாளைத் தெருவில் விரிப்பது, கொடுத்த உரிமையை மறுகையால் பறிப்பதாகும்.

“முற்காலத்திலும் பலகையில் பட்டியல் ஒட்டினார்களே” என்று கேட்கலாம். ஆலையில் உழைத்த என் போன்றோர் அப்பலகையை அறிவோம். தாமதமாக வந்தோர் பெயரும் தண்டம் செலுத்தியோர் பெயரும் வாயிலருகே ஒட்டப்பட்டிருக்கும். படித்தவர் எம் கூட்டாளிகளே. சில நாளில் அத்தாள் கிழிந்துவிடும். அதுவே எத்துணை உறுத்திற்று என்பது பட்டவர்க்குத் தெரியும். கைப்பேசியில் ஒட்டிய தாளோ எளிதில் கிழியாது. ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் சென்று, பத்தாண்டு கழித்து மணம் பேசும் வீட்டிலும் வேலை கேட்கும் இடத்திலும் தலைகாட்டக் கூடும்.

சட்டமும் இப்பொருளில் வாளாவிருக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைக் குழந்தைகள் எனக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கின்றது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, அரசின் ‘தீக்ஷா’ என்னும் கல்விச் செயலியைச் சார்ந்த விவரங்கள் காவலின்றிக் கிடந்தமை செய்தியாயிற்று. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும், ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் அவற்றுள் இருந்தன. காக்க வேண்டிய பெரிய இடங்களே சோரும்போது, ஆசிரியரின் சிறிய கவனம் வீணென்று எண்ணற்க. அணை உடைந்தது என்பதற்காக வீட்டுக் குடத்தைக் கவிழ்ப்பார் உண்டோ?

இதற்கு நெறி யாது? பகவன் தம் இறுதி நாட்களில், வேசாலிக்கு அருகிலுள்ள வேளுவ சிற்றூரில் ஆனந்தருக்கு உரைத்த மொழியில் ‘ஆசாரிய முட்டி’ என்னும் சொல் வருகின்றது. ஆசிரியன் எதையோ கைக்குள் பொத்தி வைத்துக்கொள்வதே அது. தம்மத்தைப் போதிப்பதில் அத்தகைய மூடிய கை தமக்கு இல்லை என்று ததாகதர் தெளிவாக்கினார். ஆனால் அவர் வகுத்த விநயத்தையும் நோக்குங்கள். பிக்குகள் கூடிப் பாதிமோக்கம் ஓதும் அவையில் இல்லறத்தார் அமர்வதில்லை. ஒரு பிக்குவின் பெருங்குற்றத்தைச் சங்கத்தின் இசைவின்றி உபசம்பதை பெறாதார்க்குச் சொல்வதும் குற்றமாகும். போதனையில் கை விரிந்திருந்தது. பிறர் வாழ்வைப் பற்றிய செய்தியில் அதே கை மூடியிருந்தது. இரண்டும் ஒரே கருணையின் இரு செயல்கள்.

ஆகவே கைப்பேசியைத் தொடுமுன் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இது பாடமா, ஆளா? பாடமாயின் தாராளமாகச் செல்லட்டும். ஆயிரம் பேர் கேட்டாலும் அது குறையாது. ஓர் ஆளைப் பற்றியதாயின், உரிய ஒருவரிடம் தனியே செல்லட்டும். புகழ்ச்சியும் இதில் அடங்கும். ஏழைப் பிள்ளையின் வறுமையைக் காட்டி ஈட்டும் புகழ் ஆசிரியர்க்குச் சேர்கின்றது, வறுமையின் முத்திரை பிள்ளையிடம் தங்குகின்றது. அவ்வாசிரியை இப்போது இந்நெறியையே கைக்கொண்டுள்ளார். இரவுப் பாடங்கள் மீண்டும் செல்கின்றன. மதிப்பெண்ணும் உதவித்தொகையும் அந்தந்தப் பெற்றோர்க்கே சொல்லப்படுகின்றன. இதற்கு உழைப்பு மிகுதியே. அவ்வுழைப்பும் ஆசிரியப் பணியின் ஒரு பகுதியே.

அவ்வாறே ஆசிரியர்க்கும் ஓர் இல்லம் உண்டு, உறக்கம் உண்டு. ‘இணைப்பில் இருக்கிறார்’ என்று கைப்பேசி காட்டுவதைக் கண்டு, நள்ளிரவில் விடை கேட்டு வற்புறுத்தும் பெற்றோர் தம் பிள்ளைக்கு வேண்டும் மதிப்பை ஆசிரியர்க்கு மறுக்கின்றனர்.

இறுதியாக, அன்பர்களே, ஆசிரியரை மட்டும் குறை கூறி அமைதல் முறையன்று. தீட்சை விழாக்களில் எடுத்த படங்களைக் குடும்பத்தாரின் பெயரோடும் ஊரோடும் நம் சங்கங்களும் ஊடகங்களில் இடுகின்றன. வாடகை வீட்டில் இருப்பவர் எவர், முதலாளியின் முகம் பார்த்து வாழ்பவர் எவர் என்று நாம் கேட்டோமா? அடுத்த விழாவில் படம் எடுக்குமுன் ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். வேண்டாம் என்பாரைக் கோழை என்னாதீர்கள். தம் பெயரைத் தாமே உரைக்கும் நாள் அவர்க்கும் வரும். அதுவரை அதனைக் காத்துத் தருதல் நம் கடன்.