பூச்சி இதழும் கொல்லாமையும்

பூச்சி மேலாண்மைக்கென ஓர் அறிவியல் இதழ் நடத்துவது கொல்லாமை நோன்புக்கு ஏற்குமா? பட்டுத்தறி ஓசையிடையே களம்பூரில் வாழும் நமக்கு இவ்வினா அயலதன்று.

2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பட்டுப்புழுவின் உணவாகிய மல்பெரியையும் பாழாக்கியது. மருந்தடித்தாலோ, அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழுவும் மடியும். (பின்னர்க் கூட்டோடு அதனை வெந்நீரிலிடுவதும் நாமே, நம் வீட்டுத் திருமணங்களில் பட்டு இன்னும் நின்றபாடில்லை.) 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிட்டன; பொரித்த புழுக்கள் அதனை உள்ளிருந்தே தின்றன. மாவுப்பூச்சி தணிந்தது, மருந்தின் தேவையும் குறைந்தது. கொலை ஒழிந்ததா? இல்லை, குறைந்தது.

எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதிவைப்போர் வேண்டுமன்றோ? பெங்களூரில் 1987இல் தொடங்கிய உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்விதழ் போன்றவை அதற்கென்றே உள்ளன. அத்தகு இதழின் ஆசிரியர்க்கு முதல் நோன்பு வாய்மையே என்பது நம் துணிபு. மருந்து பலித்த ஆய்வை மட்டும் அச்சேற்றிப் பலியாததைத் திருப்பியனுப்பினால், பயனற்ற மருந்தை ஊரெங்கும் தெளிப்பர். தேனீக்கள் வீணே மாளும். மருந்தடிக்காத பாத்தியிலும் விளைச்சல் குன்றவில்லை என்னும் அட்டவணையை விரும்பிப் படிப்போர் சிலரே. எனினும், நாம் ஆசிரியராயின் அதற்கே முதற்பக்கம் தருவோம்.