அது அவன் பாடு

பேரம் பேசுவதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை. பேரம் பேசாமல் கத்தரிக்காய் வாங்குகிறவனை ஏமாளி என்றுதான் உலகம் சொல்லும். ஆனால் கத்தரிக்காயை நாம் கையில் எடுத்துப் பார்க்கிறோம். சொத்தையானால் ஒதுக்கிவிடுகிறோம். கூடைக்காரி நாலணா குறைத்துக்கொண்டதனால் காய் சிறுத்துப் போவதில்லை. நாம் விலை பேசுகிற பொருள் இன்னும் உண்டாகவே இல்லை, உண்டானதும் அதன் முக்கால் பாகம் மண்ணோடு மறைந்துவிடும் என்றால், அங்கே பேரத்துக்கு நியாயம் எது? வாசலுக்குத் தளம் போட ஆள் தேடியபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் விரல் நுழையும்படி வெடிக்கும். ஐப்பசி மழையில் உப்பிக் குழையும். தெருவிலிருந்து திண்ணை வரை இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம் எங்கள் வாசல். மழைக் காலத்தில் கார் உள்ளே வந்தால் சக்கரம் புதையும். காண்ட்ராக்டர்கள் மூவர் வந்து அளந்து பார்த்தார்கள். மூவரும் நான்கு அங்குலக் கனம், ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவை என்றே சொன்னார்கள். முதல் இருவர் கேட்ட தொகை ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாமவர் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டார்.

இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். அந்த வாசலுக்கு நான்கு அங்குலம் என்றால் எண்பது கன அடி. அந்தக் கலவையில் அதற்குப் பதினான்கு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். மூன்றாமவரிடம் எத்தனை மூட்டை வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எட்டு போதும் சார். மேல் பூச்சு கண்ணாடி மாதிரி வந்துடும்" என்றார். மேல் பூச்சு வரும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

பக்கத்து வீட்டு நண்பரிடம் இதைச் சொன்னேன். "நான்கு அங்குலம் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான் அல்லவா? ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவன் எப்படிப் போடுகிறானோ, அது அவன் பாடு" என்றார்.

நண்பர் நல்லவர். ஒருவர் காசுக்கும் ஆசைப்படாதவர். அப்படிப்பட்டவர் வாயிலேயே இவ்வளவு சுலபமாக வந்த அந்தச் சொல்லைத்தான் நான் யோசித்துப் பார்க்கிறேன். எட்டு மூட்டையில் பதினான்கு மூட்டை வேலை ஆகாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், காண்ட்ராக்டருக்கும் தெரியும். மூவருக்கும் தெரிந்த ஒரு பொய்யைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது உண்மையாகிவிடுமா? அவர் என்னை ஏமாற்றினார் என்று நாளைக்கு நான் சொல்லலாம். ஆனால் ஏமாறுவதற்கு எனக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்க வேண்டும் அல்லவா? தெரிந்தே ஒப்புக்கொள்பவனுக்கு ஏமாந்தவன் என்ற பெயர் பொருந்தாது. பங்காளி என்ற பெயர்தான் பொருந்தும்.

அந்தக் குறைந்த தொகை எங்கெங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தேடும். அடி மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கும் வேலை பாதியோடு நிற்கும். கலவையில் இரண்டு குடம் தண்ணீர் அதிகம் சேரும். அப்போது தள்ளுவதும் பரப்புவதும் சுலபம், ஆனால் தளத்தின் பலம் போய்விடும். போட்ட பிறகு குறைந்தது ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். அதற்கென்று யாருக்கும் கூலி பேசாததனால் இரண்டாம் நாளே அதைக் கேட்பாரில்லை. மிச்சக் குறை சித்தாளாக வரும் பெண்ணின் கூலியில் போய் விழும். அவளோடு நான் பேரம் பேசவே இல்லை. ஆனாலும் என் பேரத்தின் பாரம் அவள் தலைச் சட்டியில்தான் ஏறுகிறது.

"நிறையக் கொடுத்தால் மட்டும் யோக்கியமாகச் செய்துவிடுவானா?" என்று கேட்பீர்கள். வாஸ்தவமான ஆட்சேபம். பணம் நாணயத்தை விலைக்கு வாங்குவதில்லை. இதே ஊரின் வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு திட்டம் போட்டார்களே, அதன் காண்ட்ராக்ட் 1976-ல் அமைந்த சர்க்காரியா கமிஷனின் விசாரணை வரைக்கும் போயிற்று. ராட்சசக் குழாய்கள் சாலையோரத்தில் வருஷக் கணக்கில் கிடந்தன. 2004-ல்தான் புதிய திட்டத்தின் மூலம் வீராணத்துத் தண்ணீர் சென்னை போய்ச் சேர்ந்தது. தொகை பெரிதாக இருந்தால் கவலையில்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகையால் நியாயமான விலை கொடுத்தவன் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. வீரநாராயணன் என்ற பட்டப்பெயர் கொண்ட முதலாம் பராந்தக சோழனின் பெயரைத்தான் எங்கள் ஏரி தாங்கி நிற்கிறது. அவன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று விதிக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு வாரியம் வைத்திருந்த ஜனங்கள் அவர்கள். ஒருவரையொருவர் நம்பாதவர்களா? நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். கொடுத்தபின் கணக்கும் கேட்டார்கள். கூலியைச் சரியாகக் கொடுப்பவனுக்குத்தான் பக்கத்தில் நின்று அளந்து பார்க்க வாய் உண்டு. கூலியைக் குறைத்தவன் வேலை நடக்கும்போது உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான். பார்த்தால் கேட்க வேண்டிவரும் என்பது அவனுக்குத் தெரியும்.

கையில் பணம் இல்லாதவன் என்ன செய்வான் என்பது அடுத்த கேள்வி. எல்லாராலும் பதினான்கு மூட்டை வாங்க முடியாது. சிக்கனம் குற்றமும் அல்ல. மூன்றாம் காண்ட்ராக்டரை மறுபடி அழைத்து, "நீங்கள் சொன்ன தொகைக்கு, பொய் இல்லாமல் எவ்வளவு செய்யலாம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "இந்தக் காசுக்கு என்ன வரும்னு யாரு சார் கேக்கிறாங்க? வாசல் முழுசும் வேணும்பாங்க, காசைக் குறைச்சுடுவாங்க. முடியாதுன்னா வேற ஆளைத் தேடிப் போயிடுவாங்க. நாங்களும் தலையை ஆட்டிட்டு வந்துடறோம்."

அப்புறம் அவரே வழியும் சொன்னார். கார் நிற்க வாசல் முழுவதும் தளம் வேண்டியதில்லை. சக்கரம் ஓடும் இடத்தில் இரண்டரை அடி அகலத்தில் இரண்டு பட்டை போட்டால் போதும். முழுசாக நான்கு அங்குலம் போட்டாலும் ஆறு மூட்டையில் முடிந்துவிடும். மிச்சமாகும் தொகையில் அடி மண்ணை நன்றாக இறுக்கலாம். ஏழு நாள் தண்ணீர் விட ஓர் ஆளுக்குக் கூலியும் கொடுக்கலாம். நடுவில் இருக்கும் மண் மழையைக் குடித்துக்கொள்ளும். அப்படியே செய்தோம்.

அவரை யோக்கியர் என்றோ அயோக்கியர் என்றோ தீர்ப்புச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் கேட்ட முதல் கேள்விக்கு அவரிடம் ஒரு பொய் இருந்தது. இரண்டாம் கேள்விக்கு ஓர் உண்மை இருந்தது. கேள்வி இரண்டும் என்னுடையவை. பேரத்தில் பொருளைக் குறைத்துக்கொள்ளலாம், அளவைக் குறைத்துக்கொள்ளலாம், ஆசையையும் குறைத்துக்கொள்ளலாம். ஆசையை முழுசாக வைத்துக்கொண்டு காசை மட்டும் குறைக்கும்போது, மிச்சத்தை நிரப்ப எதிரில் நிற்பவனிடம் ஒரு பொய்யைத்தான் கேட்கிறோம். கேட்டதை அவன் கொடுத்துவிட்டுப் போகிறான். அதன் பிறகு அது அவன் பாடு மட்டும் அல்ல, நம் பாடும்தான்.