பலமில்லாத வழக்கும் வக்கீலின் மனச்சாட்சியும்



உங்கள் லைன் வீட்டிலே பக்கத்து அறையில் குடியிருக்கும் ஒரு வாலிபனை நினைத்துக் கொள்ளுங்கள். தூரத்து மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்தவன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவன். ஒரு குற்றத்திற்காகக் கைதாகி, தண்டனை பெற்று, சிறையில் இருக்கிறான். அப்பீல் செய்ய விரும்புகிறான், கையிலே காசில்லை. சர்க்கார் செலவில் ஒரு வக்கீல் நியமிக்கப்படுகிறார். கட்டைப் புரட்டிய வக்கீலோ, "இந்த அப்பீலில் பலமில்லை" என்று முடிவு செய்கிறார். அவர் என்ன செய்வது? மனதறிந்து வீண் வாதம் பேசுவதா? விலகிக் கொள்வதா?

"குற்றவாளிக்கு வக்கீல் எதற்கு?" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அதேபோல், விலக நினைக்கும் வக்கீலைக் கல்நெஞ்சர் என்று தூற்றிவிடவும் வேண்டாம். பொய் நமக்குப் பாவமென்றால் அவருக்கும் பாவமே. வீண் வாதத்தில் அவர் செலவிடும் நாள், நியாயமான குறையுள்ள வேறொரு கைதிக்குச் சேர வேண்டிய நாளன்றோ?

இதே கேள்வி 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கலிபோர்னியாவில் ஓர் ஏழைக் கைதிக்கு நியமிக்கப்பட்ட வக்கீல், "அப்பீலில் சாரமில்லை" என்று ஒரு கடிதத்தை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக் கொண்டார். இது போதாது என்று அம்மன்றம் கண்டித்தது. வக்கீல் விலக அனுமதி கேட்கலாம். ஆனால் வழக்கு முழுவதையும் ஊன்றிப் படித்து, கைதிக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது எதுவாயினும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிரதியைக் கைதிக்கும் தர வேண்டும். பிறகு நீதிபதிகளே ஏடுகளைப் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும் என்றது.

இதன் நியாயம் நம் ஊராருக்கு எளிதில் விளங்கும். துணியை விளக்கொளியில் விரித்துப் பாராமலே, கட்டோடு கட்டாக ஒதுக்கித் தள்ளும் செக்கிங் ஆளை எந்தக் கம்பெனி வைத்துக் கொள்ளும்? "பழுது" என்று சொல்கிறவர் பழுது எங்கே என்று காட்ட வேண்டும். துணிக்கே இவ்வளவு கவனமென்றால், மனிதனுக்கு எவ்வளவு வேண்டும்! குற்றம் செய்தது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தண்டனை அளவுக்கு மீறியதா? விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட்டனவா? சாட்சியம் அவனுக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டதா? இவற்றைத் தேடிப் பார்ப்பது பொய் பேசுவதாகாது.

நமது நாட்டில் எப்படி? ஒப்புக்கொண்ட வழக்கிலிருந்து, தகுந்த காரணமும் போதிய முன்னறிவிப்பும் இன்றி வக்கீல் சாதாரணமாக விலகலாகாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. குற்றம் செய்தான் என்று தமக்கே தோன்றினாலும், நேர்மையான வழிகளில் அவனுக்காக வாதாட வேண்டும் என்பதும் விதியே. வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் கிரிமினல் அப்பீலைத் தள்ளிவிடக் கூடாது, ஏடுகளைப் படித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1996-ல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவச சட்ட உதவி தருமுன், வழக்கில் முகாந்தரம் உண்டா என்று பார்க்க 1987-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருவது மெய்தான். ஆனால் பார்ப்பது வேறு, பார்த்ததாகப் பாவனை செய்வது வேறு.

"தோற்கப் போகிற வழக்குக்கு ஏன் இத்தனை பாடு?" என்பீர்கள். பணக்காரன் தோற்கப் போகிற வழக்கையும் பணம் கொடுத்து நடத்துகிறான். அவனை யாரும் தடுப்பதில்லை. ஏழையின் வழக்கு மாத்திரம் வாசலிலேயே முடிந்துவிடலாமா? இன்னொன்றையும் கேளுங்கள். 1978-ல், போலிப் பட்டச் சான்றிதழ் சம்பந்தமான குற்றத்திற்குத் தண்டனை பெற்ற ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில்தான் நீதிபதி கிருஷ்ணய்யர், சிறைவாசிக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும், வசதியற்றவன் அப்பீல் செய்யச் சர்க்கார் வக்கீல் தர வேண்டும் என்று நிலைநாட்டினார். தோற்றவருடைய மனுவினால் பின்வந்த ஏழைகள் யாவரும் பயனடைந்தார்கள்!

நம் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் நேர்ந்த மோதலில் குற்றஞ்சாட்டப்பட்ட போலீசாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று கோயம்புத்தூர் வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, வக்கீல் தர்மத்துக்கு விரோதமானவை என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. நமக்குத் தீங்கு செய்தவனுக்கும் பேச ஒரு நாவு வேண்டும். ஏழைகளுக்காக வாதாடி, 1303-ல் மரித்த அர்ச். இவோவை வக்கீல்கள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டிருப்பது வீணல்ல.

ஆகவே முடிவு இதுவே: வக்கீல் விலகலாம், ஆனால் கைவிடலாகாது. முழுதும் படித்து, கைதிக்கு அவன் மொழியிலே உண்மையைச் சொல்லி, சொல்லத் தக்கதைச் சொல்லிவிட்டு, தீர்ப்பை நீதிபதியிடம் விட வேண்டும். வக்கீலின் அபிப்பிராயம் தீர்ப்பாகிவிடக் கூடாது.

வாசகரே, இது வக்கீல்களுக்கு மட்டும் சொன்னதல்ல. சிறைக்குப் போனவன் வீட்டுப் படியை மிதிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவன் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். காவலில் உள்ளவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும் இலவச சட்ட உதவி பெற அந்த 1987-ம் ஆண்டுச் சட்டத்திலே உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். அவன் வழக்கு தோற்கலாம். அதற்காக, கேட்பாரற்றுக் கிடந்தவனாக அவனை நாம் ஆக்கிவிட வேண்டாம்.