தலமரமா, தலவனமா?

கோயிலின் புனிதம் தலமரம் ஒன்றோடு நின்றுவிடுகிறதா, அது வளர்ந்த காட்டுக்கும் உண்டா? காவிரிப் படுகையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்பவை பஞ்சாரண்யத் தலங்கள்: திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம். வைகறையில் முதல் கோயிலில் தொடங்கி அர்த்தசாமத்தில் ஐந்தாவதில் முடிப்பது வழிபாட்டு மரபு.

சைவம் மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றையும் சேர்த்தே போற்றுகிறது. தலம் என்பதில் மண்ணும் அதில் முளைத்தவையும் அடங்கும் என்பதற்குப் பூளையே சாட்சி. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும் செடி அது. கணுவுக்குக் கணு பஞ்சை ஒட்டவைத்ததுபோல் வெண்பூ. கொங்கு நாட்டில் பொங்கல் காப்புக்கட்டில் இடம்பெறும் இதை வயற்காரர் களையென்று பிடுங்கிப் போடுவார். ஆலங்குடிக்குத் திருஇரும்பூளை என்ற பழம்பெயர் இதனால் வந்ததே. தரையில் பூளை, படரும் முல்லை, முள்மரமாக வன்னி, நடுத்தர உயரத்தில் வில்வம், ஓங்கிய பாதிரி என ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு காட்டின் அடுக்குகள் புலப்படும்.

இன்று அந்த வனங்கள் வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டன. டெல்டாவின் தென்கோடியில், 1967இல் சரணாலயமான கோடியக்கரையில், பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு மிஞ்சியிருக்கிறது.

மரம் எதுவானாலும் நடுவது புண்ணியம் என்பது பொதுவான எண்ணம். அதனால்தான் மடகாஸ்கரின் குல்மோகரும் தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் சாலையெங்கும் நிற்கின்றன. இருபத்தேழு கன்றுகளை வரிசையாக நட்டு நட்சத்திர வனம் என்கிறார்கள். பக்தி உண்மையானதுதான், ஆனால் மண்ணைக் கேட்காமல் நட்டது வனமாகாது. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக வைக்கிறது தொல்காப்பியம். உயிரென்று ஒப்புக்கொண்டால், அதற்கு உரிய இடமும் துணையும் உண்டென்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆற்றங்கரைக்கு நீர்மருது, நாவல், புங்கம் பொருந்தும்; திருவிடைமருதூருக்கு மருதும் திருவானைக்காவுக்கு வெண்ணாவலும் தலமரங்கள். மேட்டுத் திடலுக்கு மகிழம், வில்வம், பாதிரி, கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பை; அவற்றின் ஓரத்தில் நொச்சி, முல்லை. கடலோர மணலுக்குப் புன்னையும் பாலையும். தரையில் தானாக முளைக்கும் பூளையை விட்டுவைத்தாலே போதும்.

திருப்பணிக் குழுவினர் தலமரத்தைச் சுற்றிய சிமென்ட் மேடையைப் பெயர்த்து, நந்தவனத்தில் ஒரு மூலையையாவது அந்தத் தலத்தின் வனத்துக்குத் திருப்பித் தரவேண்டும்.