கருவியும் கவனமும்

உழைப்பையும் ஓய்வையும் அளந்து தரும் கருவிகள் இன்று கைப்பேசிக்குள்ளேயே உள்ளன. 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்துப் படிக்கலானார். 25 நிமிடம் உழைப்பு, 5 நிமிடம் ஓய்வு என்னும் முறை அதிலிருந்து பிறந்தது. தக்காளியின் இத்தாலியப் பெயரான பொமொதோரோ என்பதே அம்முறைக்கும் பெயராயிற்று. வியட்நாமியத் துறவி திக் நியத் ஹான் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தின் செயலியோ, இடையிடையே மணியொலித்து மூச்சை நினைவூட்டுகிறது.

இவை நன்றே. ஆயினும் ஓய்வு எதன்பொருட்டு? மேலும் உழைப்பதற்கு மட்டுமாயின், இயந்திரத்திற்கு எண்ணெய் இடுவதும் அதன்பொருட்டே அன்றோ? மனிதனுக்கும் இயந்திரத்திற்கும் பின் வேற்றுமை யாது?

இல்லறத்தில் வீணை பயின்றவர் சோணர். துறவு பூண்டபின், கால்கள் புண்ணாகுமளவு நடந்து தியானம் முயன்று மனந்தளர்ந்தார். அவருக்குப் பகவான் அவ்வீணையையே உவமை காட்டினார். மிக முறுக்கிய நரம்பிலும் இசை எழாது. மிகத் தளர்ந்த நரம்பிலும் எழாது. நரம்பின் நிலையை அறிவது வாசிப்பவர் செவியேயாகும்.

ஆகவே, மணி ஒலிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் சினம் உண்டா, பேராசை உண்டா, சோர்வு உண்டா என நோக்குவோமாக. அந்நோக்கை நமக்காகச் செய்து தரவல்ல செயலி எதுவுமில்லை.