குடிக்கூலியும் அணுவிரதமும்

ஒரே வீடு ஒருவர்க்கு உடைமை, மற்றொருவர்க்கு உறைவிடம். உடையவர் அதனால் பயன்கொள்ள உரிமை பெற்றவர். உறைபவரோ அவ்வீட்டைச் சார்ந்தே தம் தொழிலையும் மக்களின் கல்வியையும் அமைத்துக்கொண்டவர். இவ்விருவர் நலனும் முரணும்போது அறம் யார் பக்கம் நிற்கும்?

நம் சமுதாயத்தார்க்கு இவ்வினா புறத்தாருடையதன்று. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பணி நிமித்தம் நகர் புகுந்தோர் நம்முள் பலர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருப்போரும் உளர். அவர்தம் மக்களே சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டில் இருப்பதும் உண்டு. ஊரில் உரிமையாளர் நியாயம் பேசும் குடும்பம் நகரில் குடியிருப்பவர் நியாயம் பேசக் கேட்கிறோம். இரண்டும் மெய்யாக இருத்தல் கூடும் என்பதே அநேகாந்தம் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம். ஆயினும், இரண்டும் மெய் என்று கூறி அமைந்துவிடுதல் தீர்ப்பாகாது. எவ்விடத்தில் எது மேற்படும் என்று ஆராய்தல் வேண்டும்.

இதில் அரசு தலையிட்டது போர்க்காலத்திலாகும். இரண்டாம் உலகப்போரின்போது நகரங்களில் வீடு அருகி வாடகை ஏறியது. சென்னை மாகாணத்தில் 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அதனைத் தொடர்ந்து 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. சட்டம் குறித்த காரணங்கள் இன்றிக் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது என்று அது காத்தது. நியாய வாடகையைக் கணக்கிடவும் வழி வகுத்தது.

இவ்வகைச் சட்டங்களின் நன்மையையும் குறையையும் இரு தீர்ப்புகள் விளக்கும். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில், மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றொரு விதி இருந்தது. உயர்ந்த வாடகை தருவோர் வசதி மிக்கோர் என்பது அதன் கருத்து. விலைவாசி ஏறிய பின் 400 ரூபாய் என்பது நடுத்தர மக்களின் வாடகையாயிற்று. 1986இல் உச்சநீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென நீக்கியது. மும்பையிலோ நிலைமை நேர்மாறானது. அங்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையையே அளவுகோலாக நிறுத்திவைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வாடகை பெரிதும் ஏறவில்லை. செப்பனிடப் பொருளின்றிப் பழைய கட்டடங்கள் சிதைந்தன. 1997இல் அதே உச்சநீதிமன்றம், தொடக்கத்தில் நியாயமாயிருந்த அவ்விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவை ஆயின என்று கூறியது.

முன்னதில் குடியிருப்பவர் பயன்பெற்றார். பின்னதில் உரிமையாளர் குறை ஏற்கப்பட்டது. இரண்டிலும் அளவுகோலாய் நின்றது காலமே. எப்பொருளையும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கின்வழி நோக்குக என்பர் நம் ஆன்றோர். எவ்வகைக் கட்டடம், எந்த ஊர், எந்த ஆண்டு, இருவரும் எந்நிலையினர் என்று காணாமல் உரைக்கும் வாடகை நியாயம் ஒருபுறச் சார்பாகவே முடியும்.

இன்று தமிழகத்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைதல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியப்படுதல் வேண்டும். வாடகையோ ஒப்பந்தப்படியே அமையும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டுகிறது இச்சட்டம். சுவருக்கு வெள்ளையடித்தல் உரிமையாளர் கடன், குழாயின் வாசர் மாற்றுதல் குடியிருப்பவர் கடன் என்று சிறு செலவுகளையும் பகுத்துரைக்கிறது.

ஆனால், ஒப்பந்தம் என்பது ஒத்த வலிமையுடையார் இருவரிடையே தான் முழு நியாயமாகும். பள்ளி திறக்கும் மாதத்தில் வீடு தேடி அலையும் குடும்பத்தலைவர் எதற்கும் கையொப்பமிடுவார். தனித்து வாழும் முதிய கைம்பெண்ணோ, வலிய குடித்தனக்காரரிடம் தம் வாடகையையும் கேட்க அஞ்சுவார். சட்டம் ஒப்பந்தத்துக்கு இடம் விட்ட அளவுக்கு மனச்சான்றின் பொறுப்பு மிகுகிறது. அவ்விடத்தில்தான் அணுவிரதம் நமக்குத் துணையாகிறது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஒவ்வொரு விரதத்துக்கும் நேரும் அதிசாரங்களை, அதாவது குற்றங்களை, எண்ணிக் காட்டுகிறது. அவற்றை வாடகை வீட்டின் வாயிலில் நின்று படித்தால் வியப்பே மிகும். கொல்லாமைக்கு நேரும் குற்றங்களுள் ஒன்று, தாங்கலாகாச் சுமையை ஏற்றுதல். மற்றொன்று, உணவையும் நீரையும் தடுத்தல். ஊதியம் அறிந்தும் ஆண்டுதோறும் தாங்கவொண்ணா வாடகை ஏற்றுவது முதற்குற்றத்தின் இனமன்றோ? வீட்டைக் காலி செய்விக்கக் குடிநீர்க் குழாயை அடைப்பது இரண்டாவதே. நீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்று சட்டமும் விலக்குகிறது.

வாய்மைக்கு நேரும் குற்றங்களுள் பொய்யாவணம் எழுதுதலும், அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தலும் உள. ஒரு தொகை வாங்கி வேறு தொகைக்கு இரசீது தருவது முன்னது. காலி செய்தவர் முன்பணத்தைப் பொய்க் காரணம் காட்டிப் பிடித்துக்கொள்வது பின்னது. முன்பணம் உரிமையாளரின் வருவாயன்று; அவர்பால் வைத்த அடைக்கலம்.

குடியிருப்பவர்க்கும் இவை பொருந்தும். கள்ளாமையின் குற்றங்களுள் அரச நீதியைக் கடத்தலும் ஒன்று. தவணை முடிந்தும் வெளியேறாமல் வழக்கை இழுத்தடிப்பதும், உரிமையாளர் அறியாமல் மேல்வாடகைக்கு விடுவதும், கொடாததைக் கொள்வதேயாம். மிகுபொருள் விரும்பாமையில் நிலமும் வீடும் முதற்கண் எண்ணப்படுதலால், வீடுகள் பலவற்றை வாங்கிப் பூட்டிவைப்போரும் தம் அளவை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, கடினமான நிலை ஒன்றைக் காண்போம். மாடியில் வாழும் முதியவர்க்கு முழங்கால் நோவு, படியேற இயலவில்லை. கீழ்த்தளத்துக் குடும்பத்தில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கிறாள். சொந்தத் தேவைக்கு வீட்டைக் கேட்கச் சட்டம் இடந்தருகிறது. நம் முடிவு இது: தேவை மெய்யாயின் வீடு உரிமையாளர்க்கே உரியது. ஆயினும் தேர்வு முடியும்வரை பொறுப்பதால் அவர்க்கு நேரும் வருத்தம் சில திங்களுடன் தீரும். இடைநடுவே பெயர்க்கப்படும் மாணவிக்கு இழந்த ஆண்டு மீளாது. ஆசிரியப் பணியில் இருந்தோர் இவ்வுண்மையை நன்கறிவோம். எனவே அவகாசம் தருதல் அவர் கடன். சொன்ன நாளில் சாவியை ஒப்படைத்தல் குடியிருப்பவர் கடன். அவகாசம் தருவது அறம். பெற்ற அவகாசத்தையே உரிமையாக்கிக்கொள்வது அறமன்று. கூடுதல் வாடகைக்கு வேறொருவரை அமர்த்த எண்ணி, முழங்கால் நோவைக் காரணம் காட்டினாலோ, அது வாய்மைக்குக் கேடு.

நம் வீடுகளில் புலால் உண்ணாதார்க்கே இடம் தருகிறோம். ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் இதனை விரும்புதல் இயல்பே. அதனை முன்னரே பணிவுடன் சொல்லிவிடுதல் வேண்டும். உணவைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்பது தகாது. அது கொல்லாமையின் பெயரால் பிறர் மனத்தைப் புண்படுத்துவதாகும்.

சட்டம் மாறும், 1941 முதல் பலமுறை மாறியே வந்துள்ளது. எச்சட்டம் வரினும், வாடகை வாங்கும் கையும் கொடுக்கும் கையும் விரதத்தில் நிற்குமாயின், வழக்குமன்றப் படி ஏறும் தேவை அரிதாகும். இல்லறத்தார்க்கு அறம் கோயிலில் மட்டும் இல்லை. ஒப்பந்தத் தாளிலும் உண்டு.

அறம் வளர்க!